கலந்திருக்கு, கலந்திருக்காங்க

போன மாதம் எங்கள் பட்டறைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேள்வி போட்டிருந்தார். பெட்ரோல் கார். காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது, மேட்டில் குலுங்குகிறது. ஸ்கேனரை மாட்டினால் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று காட்டுகிறது. பிளக் மாற்றியாகிவிட்டது, காயில் மாற்றியாகிவிட்டது, அடுத்து எதை மாற்றலாம்? ஆளுக்கொரு சாமான் பெயரைச் சொன்னார்கள். நான், "புட்டியில் பிடித்துப் பார்த்தீர்களா?" என்று எழுதினேன். எந்தப் புட்டி என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார்.

மறுநாள் கேள்வி கேட்டவரே பதில் எழுதினார். "தண்ணி இருக்கு அண்ணே. எவனோ கலந்திருக்கான்."

முதல் வாக்கியம் சரி. இரண்டாவதைப் படித்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் பட்டறைக்காரர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்ன எழுதுவது என்று தட்டிக் கழித்து வந்தேன். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூருக்கு வடக்கே, பண்டார் தெங்காரா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தேன். பதின்மூன்று வயதில் லோரி ஏறினேன். ஓரிடத்தில் தங்குகிற கால் இல்லை எனக்கு. கோத்தா திங்கியில் மணல் லோரி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, அப்புறம் பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொட்டி கழுவும் குத்தகை வேலை. கப்பல் பட்டறையில் இடது மோதிர விரலில் பாதி போயிற்று. ஆறு வாரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி போனேன். தொட்டிக்குள் மயங்கி விழுந்தவர்களைக் கயிறு கட்டி மேலே தூக்கியிருக்கிறோம். என்னையும் ஒருமுறை தூக்கினார்கள். அந்த வேலையில் ஒன்று மட்டும் மண்டையில் ஏறியது. எவ்வளவு பெரிய தொட்டியானாலும் தண்ணீர் அடியில்தான் கிடக்கும். எண்ணெய் மேலே மிதந்துகொண்டு, கீழே ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும்.

முப்பத்தொரு வயதில் தெப்ராவில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மூன்று மாதம் இருக்கலாம் என்று போனேன். நடுவில் நான்கு முறை சொல்லாமல் ஓடிப்போய்த் திரும்பி வந்ததையும் சேர்த்தால் முப்பது வருஷம். ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் முதலாளியம்மா எங்கே போனாய் என்று கேட்டதில்லை. "சூடா மக்கான்?" என்பார், சாப்பிட்டாயா என்று. பிறகு அன்றைக்கு எந்த வண்டி காத்திருக்கிறதோ அதைத் தாடையால் காட்டுவார்.

அவரைத் தவுக்கேசோ என்று கூப்பிடுவோம். சீனர் பட்டறைகளில் முதலாளியின் மனைவிக்கு அதுதான் பெயர். கணவர் இறந்ததும் பட்டறை அவர் கைக்கு வந்தது. எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் வெட்கப்பட்டதும் இல்லை. மெலிந்த உடம்பு, எப்போதும் பூப்போட்ட சட்டை, காதில் ஒரு பென்சில். முகப்பில் ஒரு மேசை. அவருக்குப் பின்னால் பலகைத் தட்டில் கழுவிக் காயவைத்த கிச்சாப் புட்டிகள் வரிசையாக நிற்கும். சாப்பாட்டுக் கடையில் சோயா சாஸ் தீர்ந்த கண்ணாடிப் புட்டிகளை வாங்கி வந்து அவரே கழுவுவார்.

எண்ணெய்க் கோளாறு என்று சந்தேகம் வந்தால் அவருடைய முறை இதுதான். வண்டியைச் சமதரையில் ஒரு மணி நேரமாவது அசையாமல் விட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தொட்டியின் அடித் திருகாணியை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் வருவது எதுவோ அதைத்தான் புட்டியில் பிடிக்க வேண்டும். அடியில் கிடப்பதுதான் முதலில் வரும். புட்டியில் டேப் ஒட்டி வண்டி எண் எழுதி, அவர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் அதைத் தொடமாட்டார். தன் காப்பியைக் குடித்து முடிப்பார். அதற்குள் புட்டியில் கோடு விழுந்துவிடும். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர். கடைசியாகப் பக்கத்து ஸ்டாலிலிருந்து வாங்கி வைத்திருக்கும் ரோஸ் சிரப்பில் ஒரு சொட்டு விடுவார். சொட்டு பெட்ரோலுக்குள் உருண்டையாக, எதையும் தொடாமல் இறங்கும். தண்ணீரைத் தொட்டதும் உடைந்து பரவும். அடிப்பாகம் மட்டும் இளஞ்சிவப்பாகிவிடும். எந்த வாடிக்கையாளருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

"தெங்கோக் டூலு, சாக்காப் கெமுடியான்" என்பார். முதலில் பார், பேசுவது பிறகு. ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்வார். நான்கு முறையும் நான் தலையாட்டுவேன்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பெட்ரோல் எண்ணெய், டீசல் எண்ணெய், என்ஜினுக்கு ஊற்றுவது கறுப்பெண்ணெய், தோசைக்கு ஊற்றுவதும் எண்ணெய். பண்டார் தெங்காராவிலிருந்து ஒருவர் போன் செய்து, எண்ணெய் ஊத்துனதுலேர்ந்து வண்டி பொகையா கக்குது என்றார். என்ன எண்ணெய் என்றேன். "எண்ணெய்தான் அண்ணே, கேன்ல இருந்த எண்ணெய்" என்றார். கேன் எங்கே இருந்தது என்று கேட்டேன். டிராக்டர் பக்கத்தில் என்றார். பெட்ரோல் காருக்கு டீசல். அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஒரு நாள் ஆயிற்று. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பல வருஷம் சிரித்திருக்கிறேன். வார்த்தையில் வழுக்குவது அவரைப் போன்றவர்கள்தான் என்று நினைத்திருந்தேன்.

என் முறையும் வந்தது. அது மழைக்காலம். அழகப்பன் என்பவர் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் வைத்திருந்தார். செட்டிநாட்டுக் குடும்பம். நெற்றியில் திருநீறு அழியாமல் இருக்கும், பேச்சும் அளந்துதான் வரும். ஒரு காலத்தில் அவருடைய ஓட்டுநர் ஒருவன் பெட்ரோலை உறிஞ்சி விற்றுப் பிடிபட்டான். அதிலிருந்து எந்த வேன் கொஞ்சம் அதிகமாகக் குடித்தாலும் அவருக்கு உறுத்தும்.

அவரிடம் மணியம் ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, வாய் ஓயாது. வேனைத் தன் சொந்தம் போல வைத்திருப்பான். வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவி, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி, சந்தனம் குங்குமம் வைப்பான். ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, டயருக்கு ஒரு பொட்டு. பக்கவாட்டில் பெட்ரோல் ஊற்றும் சின்னக் கதவைத் திறந்து உள்ளே மூடிக்கும் பட்டையாக ஒன்று. அங்கே எதற்கடா என்று ஒருமுறை கேட்டேன்.

"வண்டி சாப்புடுற வாய் அண்ணே அது. வாய்க்கு வைக்காம டயருக்கு மட்டும் வச்சா கோவிச்சுக்காதா? வெளிய வச்சா மழைல போயிருது, அதான் உள்ள."

ஒரு திங்கட்கிழமை காலை அவன் வேனை இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு மாதமாகவே சரியில்லை, எண்ணெயும் அதிகம் குடிக்கிறது, இன்று மேட்டில் நின்றேவிட்டது என்றான். பின்னால் இருந்த தொழிற்சாலைப் பெண்கள், இறங்கித் தள்ளவா, இல்ல பாட்டுப் பாடவா என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவனும் அதைச் சொல்லிச் சிரித்தான்.

தவுக்கேசோ பல் வைத்தியரிடம் போயிருந்தார். நான் முறைப்படி எல்லாம் செய்தேன். வண்டியை நிறுத்தி வைத்து, திருகாணியைத் தளர்த்தி, புட்டியைப் பிடித்தேன். வந்தது வெறும் தண்ணீர். புட்டியில் நான்கு விரற்கடை தண்ணீர் ஏறிய பிறகுதான் பெட்ரோல் வந்தது. அப்போது மேசையில் போன் அடித்தது. எடுத்தேன். அழகப்பன்.

"என்னப்பா சின்னையா, என்ன கோளாறு?"

"எண்ணெய்ல தண்ணி கலந்திருக்காங்க சார்."

அவ்வளவுதான் சொன்னேன். கலந்திருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நாம் பேசும்போது ரோடு வெட்டியிருக்காங்க, கரண்ட் நிறுத்திட்டாங்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஆளை ஒட்டவைத்துப் பேசுவோமே, அந்தப் பழக்கத்தில் வந்தது.

"யாரு?" என்று கேட்டார்.

"அது தெரியல சார்" என்றேன். தெரியவில்லை என்று சொன்னதிலேயே ஒரு ஆள் இருக்கிறான் என்று ஆகிவிட்டது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தெரிஞ்சுக்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

மதியத்துக்குள் வந்தார். புட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மணியத்திடம் சத்தம் போடவில்லை. பெட்ரோலை எடுத்துவிட்டு அளவு காட்டத் தண்ணீர் ஊற்றினாயா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மணியம் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தான். அங்கேயே நின்று, மற்ற வேன் முதலாளிகள் இரண்டு பேருக்கு அவர் போன் செய்தார். தெப்ராவிலிருந்து பாசிர் கூடாங் வரை வேன் ஓட்டுபவர்களை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்க் கள்ளன் என்று ஒருவனுக்குப் பெயர் விழுந்தால் அந்தச் சாலையில் அவனுக்குச் சாவி கொடுக்க ஆளில்லை.

அவர் போன பிறகு மணியம் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நான் கலந்தத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அண்ணே சொன்னீங்க?"

அவன் வேனுக்குள் எட்டிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்த சின்ன டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

தவுக்கேசோ கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்தார். சிரப் ஒரு சொட்டு விட்டார். அடி இளஞ்சிவப்பாயிற்று. வாய் சரியாகத் திறக்க முடியாமல் கேட்டார்: "ஆயர் அடா. மானா ஓராங்?" தண்ணீர் இருக்கிறது, ஆள் எங்கே? புட்டியை அப்படியும் இப்படியும் திருப்பி, ஆளைத் தேடுவது போலப் பார்த்தார். அது கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். புட்டியை ஊற்றிவிடாதே என்று சொல்லித் தட்டில் வைத்தார்.

மறுநாள் காலை அந்தப் புட்டியைப் பார்த்தேன். தண்ணீருக்கும் அடியில் மாவு போல ஒரு படிவு. துரு என்றால் பழுப்பாக இருக்கும். இது வெளிர் மஞ்சள். ஏதோ அழுக்கு என்று விட்டுவிட்டேன். தொட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, வடிகட்டி மாற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். வேன் கும்மென்று போயிற்று. ஓட்டியது வேறு ஆள்.

அன்றைக்கெல்லாம் நான் வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்யத் தோன்றியது. அதாவது, பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடுவது. மூவார் பக்கம் ஒரு பட்டறையில் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஏன் போகவில்லை என்று இன்றுவரை தெரியாது. அந்தப் புட்டி தட்டில் நின்றுகொண்டிருந்தது, அதுவாக இருக்கலாம்.

பதினோராம் நாள் அதே வேன் கயிறு கட்டி வந்தது. இடையில் ஒரு வாரம் அடைமழை. திருகாணியைத் தளர்த்தினேன். மறுபடி தண்ணீர், இரண்டு விரற்கடை. கூடவே வந்த அழகப்பன் புது ஓட்டுநரையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஆள், "பாஸ், நான் வந்தே பத்து நாள்தான் பாஸ்" என்று இரண்டு அடி பின்னால் போனான்.

எண்ணெய் நிலையத்தில் கோளாறா என்று அழகப்பன் கேட்டார். அதே நிலையத்தில் ஊற்றும் அவருடைய மற்ற வேன்கள் நன்றாக ஓடின. அப்படியானால் தண்ணீர் இந்த வேனுக்குள்ளேயே எங்கோ நுழைகிறது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. வேனைச் சுற்றி வந்தேன். நான் மழையாக இருந்தால் எங்கே போவேன் என்று பார்த்தேன்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே கிண்ணம் போல ஒரு குழி, அதன் நடுவில் மூடி. குழிக்குள் விழும் மழைத் தண்ணீர் வெளியேறக் கீழே ஒரு சின்ன ஓட்டையும் குழாயும் இருக்கும். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டி இறுக்கிவிட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். குழியில் அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற வேறொரு வேனில் அதேபோல ஊற்றினேன். அடுத்த நொடி தரையில் கொட்டியது.

பழைய பிரேக் கம்பியில் ஓர் இழை பிரித்து ஓட்டைக்குள் விட்டுத் திருகினேன். முதலில் அசையவில்லை. அப்புறம் சாக்பீஸ் கட்டி போல ஒன்று குழாயின் மறுமுனையில் வந்து விழுந்தது. சுண்டுவிரல் நீளம், வெளிர் மஞ்சள். ஒரு முனையில் சிவப்பு.

தவுக்கேசோ அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அழகப்பனிடம் நீட்டினார். அவர் மோந்து பார்க்கவே தேவையில்லை. தினமும் நெற்றியில் வைக்கிறவர்.

வருஷக்கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் வைத்த சந்தனம். கழுவும்போதெல்லாம் கரைந்து ஓட்டைக்குள் இறங்கி, காய்ந்து, அடைத்துவிட்டது. மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. வெயிலில் சூடேறிய தொட்டி மழையில் குளிர்ந்து மூச்சு இழுக்கும்போது, குழியில் நின்ற தண்ணீரையும் சேர்த்து இழுத்திருக்கிறது. தட்டில் நின்ற முதல் புட்டியை எடுத்து அடியில் படிந்த மாவைக் காட்டினேன். அதுவும் சந்தனம்தான். சாட்சி பதினோரு நாளாக என் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கிறது.

"நான் தப்பா நெனச்சுட்டேன்ப்பா" என்றார் அழகப்பன்.

"நான் தப்பா சொன்னேன் சார். கலந்திருக்குன்னு சொல்லணும். கலந்திருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டெழுத்துதானே."

"அந்த ரெண்டெழுத்துல அவனுக்கு வேலை போச்சு சார்."

தவுக்கேசோ இரண்டு புட்டிகளையும் அந்தக் கட்டியையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அழகப்பனின் கார் முன் இருக்கையில் வைத்தார். என்னைப் பார்த்துத் தாடையால் காரைக் காட்டினார்.

மணியம் தெப்ராவ் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கும் தட்டும் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு வேன் முதலாளிகளிடம் போய்க் கேட்டிருக்கிறான், இரண்டு பேரும் ஆள் வேண்டாம் என்றிருக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடாமல் நின்றான். நான் பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சோப்புக் கையால் அந்தக் கட்டியை எடுத்தான். சிவப்பு முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அப்ப நான்தான் கலந்தேனா அண்ணே?"

அழகப்பனும் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் என்ன சொன்னாலும் அது நிற்கும் என்று தெரிந்தது.

"யாரும் கலக்கல மணியம்" என்றேன். "கலந்திருக்கு."

அழகப்பன் சாவியை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"சாவி இருக்கட்டும் பாஸ். அன்னிக்கு ரெண்டு பேருக்குப் போன் போட்டீங்கள்ல. அவங்களுக்கு மறுபடியும் போடுங்க."

அந்த மனிதர் தயங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எச்சில் தட்டுகளுக்கு நடுவில் நின்று அங்கேயே போன் போட்டார். "ஆ, நான்தான். நம்ம மணியம் விஷயம். அன்னிக்குத் தண்ணி கலந்துட்டான்னு சொன்னேன்ல…" என்று ஆரம்பித்து, நிறுத்தி, போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்படிப்பா சொல்லணும்?"

சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அதே வார்த்தையைச் சொன்னார். மணியம் கடைசிவரை கேட்டுவிட்டு, கையைத் துடைத்துச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். இன்றைக்குக் கடையில் வேறு ஆளில்லை, நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லி மங்குப் பக்கம் திரும்பினான். நாங்கள் கார் ஏறும்போது பின்னாலேயே ஓடிவந்தான்.

"அண்ணே, அப்ப பொட்டு?"

"வெளிய வை."

"மழைல போயிருமே அண்ணே."

"போனா மறுபடி வை" என்றேன்.